வாதி இல்லாத வழக்கு

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் யஹ்யா இப்னு ஸயீத் என்பவரின் இல்லத்துக்குச் சென்றார்கள். அங்கே யஹ்யாவின் மகன்களுள் ஒருவன் கோழி ஒன்றைக் கட்டிவைத்து, அதை இலக்காகக் கொண்டு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள் அக்கோழியிடம் நடந்து சென்று அதன் கட்டை அவிழ்த்தார்கள். பிறகு கோழியையும் சிறுவனையும் சேர்த்தே அழைத்து வந்து, உங்கள் பிள்ளைகளை இத்தகைய செயலிலிருந்து தடுத்து வையுங்கள் என்று வீட்டாரிடம் கூறினார்கள். விலங்குகளைக் கட்டிவைத்துக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்ததைத் தாம் செவியுற்றதாகவும் அறிவித்தார்கள். ஸஹீஹுல் புகாரீயில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இந்த ஹதீஸை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள வரிசை என் கவனத்தை ஈர்க்கும். முதலில் கட்டு அவிழ்கிறது. அடுத்து சிறுவன் அவனுக்குப் பொறுப்பானவரிடம் கொண்டு செல்லப்படுகிறான். உபதேசம் அதற்குப் பின்னர்தான் வருகிறது. அதுவும் சிறுவனை நோக்கியதன்று, பெரியவர்களை நோக்கியது. நாம் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விட்டோம். நம்மிடம் உபதேசம் நிறைய இருக்கிறது. கட்டு மட்டும் அவிழ்வதில்லை.

அந்த வீடு சாமானியர் வீடன்று. யஹ்யாவின் தந்தை ஸயீத் இப்னுல் ஆஸ், முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் மதீனாவின் ஆளுநராக இருந்தவர். அதே பாடத்தில் வரும் மற்றொரு நிகழ்ச்சியில், அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் ஹகம் இப்னு அய்யூபின் வீட்டில் இளைஞர்கள் கோழியைக் கட்டிவைத்து அம்பெய்வதைக் கண்டு கண்டிக்கிறார்கள். இந்த ஹகம், கொடுங்கோன்மைக்குப் பேர்போன ஹஜ்ஜாஜின் உறவினர். பஸராவில் அவனுடைய பிரதிநிதியாக அதிகாரம் செலுத்தியவர். ஹஜ்ஜாஜின் ஆட்கள் வீட்டில் ஒரு கோழிக்காகப் பேசுவது அந்நாளில் எளிய காரியமா என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள்.

ஸஹீஹ் முஸ்லிமில் மூன்றாவதாக ஒரு காட்சி உண்டு. குறைஷிக் குலத்து வாலிபர்கள் சிலர் ஒரு பறவையை நட்டுவைத்து அம்பெய்து கொண்டிருந்தனர். குறி தவறிய அம்புகளெல்லாம் பறவையின் சொந்தக்காரனுக்கு என்பது அவர்களுக்கிடையே ஒப்பந்தம். இந்த நுணுக்கத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கொடுமை செய்பவன் ஒருவன், பாதுகாக்க வேண்டிய உடைமையாளன் மற்றொருவன் என்ற நிலை அங்கே இல்லை. உடைமையாளனே அக்கொடுமையில் இலாபப் பங்காளி. அப்படியானால் அப்பறவைக்காக யார்தாம் பேசுவது? இப்னு உமர் (ரலி) அவர்கள் அவ்வழியே வருவதைக் கண்டதும் அவர்கள் கலைந்து ஓடினர் என்று அறிவிப்புக் கூறுகிறது. அங்கே நின்று கேட்கக்கூடிய ஒருவர் வந்தார், கூட்டம் கலைந்தது.

இதுதான் இக்கட்டுரையின் வினா. வாயில்லா உயிர் முறையிட முடியாது. உடைமையாளனே கொடுமைக்காரனாக இருக்கும்போது அதன் சார்பில் வழக்காட எவரும் இல்லை. இந்த வாதி இல்லாத வழக்கை நம் முன்னோர் எப்படிக் கையாண்டார்கள்?

அறியாமைக் கால அரபுகள் விலங்கை நேசிக்காதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டகத்துக்கும் குதிரைக்கும் அவர்கள் மொழியில் இருந்த பெயர்களை எண்ணி முடிக்க இயலாது. எனினும் உயிருள்ள ஒட்டகத்தின் திமிலையும் ஆட்டின் கொழுத்த வாலையும் அறுத்தெடுத்து உண்ணும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. உயிருள்ள பிராணியிலிருந்து வெட்டப்பட்டது செத்த பிணத்துக்குச் சமம் என்று நபி (ஸல்) அவர்கள் அதை ஒழித்தார்கள். எசமானன் இறந்தால் அவனுடைய ஒட்டகத்தை அவன் மண்ணறையருகே கட்டிவைத்து, தீனியும் நீருமின்றிச் சாகவிடுவதும் உண்டு. காது அறுப்பதை ஷைத்தானின் தூண்டுதலாகவே திருக்குர்ஆன் (4:119) குறிப்பிடுகிறது. நேசமும் கொடுமையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இவ்விஷயத்தில் வந்துள்ள அறிவிப்புகளை நம் மிம்பர்களில் பலமுறை கேட்டிருப்போம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண், தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்த மனிதர் ஆகியோரின் வரலாறுகளை அறியாத முஸ்லிம் சிறுவன் இல்லை. அவை இரண்டும் மறுமையின் கூலியைப் பேசுகின்றன. அவற்றோடு சேர்த்துப் பேசப்பட வேண்டிய வேறு அறிவிப்புகள் இம்மையின் தலையீட்டைப் பேசுகின்றன. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் வடித்த ஒட்டகத்தின் பிடரியைத் தடவிக்கொடுத்த நபி (ஸல்) அவர்கள், இதன் உரிமையாளர் யார் என்று அங்கேயே கேட்டார்கள். இளைஞர் ஒருவர் முன்வந்தார். நீர் இதைப் பட்டினி போட்டு, ஓயாமல் உழைக்க வைத்து வாட்டுவதாக இது என்னிடம் முறையிடுகிறது என்று அவரிடம் கூறினார்கள் (அபூதாவூத்). ஒட்டகத்தின் முறையீட்டைச் செவியேற்றது நபித்துவத்தின் அற்புதம். அதற்கு உடையவர் யார் என்று விசாரிப்பதற்கு அற்புதம் எதுவும் தேவையில்லை. அந்தப் பகுதி உம்மத்துக்கு விடப்பட்டது.

கலீஃபாக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். தாங்க முடியாத சுமையை ஒட்டகத்தின்மீது ஏற்றிய ஒட்டகக்காரனை உமர் (ரலி) அவர்கள் அடித்துக் கண்டித்ததை இப்னு ஸஅத் தமது நூலில் பதிவு செய்கிறார். அறுப்பதற்காக ஆட்டைக் காலைப் பிடித்து இழுத்துச் சென்றவனையும், மரணத்தை நோக்கியேனும் அதை நல்ல முறையில் நடத்திச் செல் என்ற கருத்தில் அவர்கள் கண்டித்ததாக அறிவிப்பு உள்ளது.

அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் காலத்துக்கு மிகவும் தேவைப்படுவதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அது பஞ்ச காலம். கவிஞர் ஃபரஸ்தக்கின் தந்தை காலிப் என்பவர் தம் குலத்தாருக்காக ஒட்டகம் அறுத்து உணவளித்தார். ஸுஹைம் என்ற மற்றொரு பிரமுகருக்கும் அதில் பங்கு அனுப்பினார். ஸுஹைமுக்கு அது அவமானமாகப் பட்டது. அவரும் அறுத்தார். மறுநாள் காலிப் கூடுதலாக அறுத்தார், பதிலுக்கு ஸுஹைமும் கூட்டினார். யார் அதிக ஒட்டகங்களை வீழ்த்துவது என்ற போட்டி முற்றி, ஒட்டகங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்க்கப்பட்டன. மக்கள் கூடைகளோடு இறைச்சிக்கு ஓடினர். அலீ (ரலி) அவர்கள் வெளியே வந்து, இது அல்லாஹ்வுக்காக அறுக்கப்பட்டதன்று, இதை உண்ணாதீர்கள் என்று தடுத்தார்கள். அவ்வளவு இறைச்சியும் கூஃபாவின் குப்பை மேட்டில் நாய்களுக்கும் பறவைகளுக்கும் போயிற்று. பஞ்ச காலத்தில் பசித்த மக்களின் கையிலிருந்து இறைச்சியை விலக்குவது எந்த ஆட்சியாளருக்கும் கடினமான முடிவு. பெருமைக்காக உயிர் பறிக்கப்படும் வழக்கம் வேரூன்றுவதைவிட அது இலகு என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபாவான உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் வரும்போது, தனிமனிதக் கண்டனம் என்ற நிலையிலிருந்து எழுத்து வடிவிலான ஆணை என்ற நிலைக்கு இவ்விஷயம் நகர்கிறது. மிஸ்ரில் சுமை ஒட்டகங்கள்மீது ஆயிரம் ராத்தல் வரை ஏற்றப்படுவதாக எனக்குச் செய்தி வந்துள்ளது, இக்கடிதம் கிடைத்தபின் 600 ராத்தலுக்கு மேல் எந்த ஒட்டகமும் சுமப்பதாக நான் அறியக்கூடாது என்ற கருத்தில் அங்குள்ள அதிகாரிக்கு அவர்கள் எழுதினார்கள். நம் பாட்டன்மார் கடைத்தெருவில் புழங்கிய, இலங்கையில் இன்றும் ரொட்டிக்கு வழங்கும் அதே ‘ராத்தல்’ என்ற சொல்தான். எடை மட்டும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. அரசாங்கத் தபால் பாதைகளின் பொறுப்பாளருக்கும் ஓர் ஆணை சென்றது. கனத்த கடிவாளம் பூட்டக்கூடாது, நுனியில் இரும்பு பதித்த தாற்றுக்கோலால் விலங்கைக் குத்தக்கூடாது என்பது அது. கவனியுங்கள், இது அரசாங்கத்தின் சொந்தத் தபால் விலங்குகளைப் பற்றிய ஆணை. முதலில் தம் துறையையே திருத்தினார்கள். அவர்களுடைய பணியாள் ஒருவர் கோவேறு கழுதையைக் கொண்டு உழைத்து நாள்தோறும் ஒரு தொகையைக் கொண்டு வருவார். ஒருநாள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டு வந்தார். சந்தை சூடு பிடித்தது என்று அவர் காரணம் சொன்னபோது, இல்லை, நீ கோவேறு கழுதையை வாட்டியிருக்கிறாய், அதற்கு மூன்று நாள் ஓய்வு கொடு என்றார்கள் அந்தக் கலீஃபா. வருமானம் கூடினால் யாருடைய முதுகில் அது கூடியது என்று கேட்கத் தெரிந்தவர்.

நல்ல கலீஃபா இறந்துவிட்டால் ஆணையும் அவரோடு போய்விடும். அதன் பின்னரும் நிலைத்து நின்றது ஹிஸ்பா என்ற அமைப்பு. சந்தைகளையும் பொது இடங்களையும் கண்காணிக்கும் அதிகாரி முஹ்தஸிப். எடை, அளவு, கலப்படம், தெரு ஆக்கிரமிப்பு போன்றவை அவரது அன்றாட வேலை. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த காழி அல்மாவர்தீ (ரஹ்) தமது ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்ற ஆட்சியியல் நூலில் முஹ்தஸிபின் கடமைகளை வகுக்கும்போது, விலங்குகளின் உரிமையாளர்கள் அவற்றால் இயலாத வேலையில் அவற்றை ஈடுபடுத்தினால் முஹ்தஸிப் அதைக் கண்டித்துத் தடுக்க வேண்டும் என்று எழுதுகிறார். அத்தோடு ஒரு சிறு வாக்கியத்தைச் சேர்க்கிறார். எவரும் வந்து முறையிடாவிட்டாலும் சரி.

அந்த ஒரு நிபந்தனை நீக்கத்தில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. காழியின் மன்றத்தில் வழக்கு நடக்க வாதி வேண்டும், பிரதிவாதி வேண்டும். முஹ்தஸிபுக்கு வாதி தேவையில்லை. அவர் கண்ணால் கண்டதே போதும். என் கழுதையின் பலம் எனக்குத் தெரியும், இந்தச் சுமையை அது தாங்கும் என்று உரிமையாளர் வாதிட்டால் என்ன செய்வது? மாவர்தீ அதற்கும் விடை தருகிறார். முஹ்தஸிப் அதை ஆராயலாம், இது மக்களின் வழக்கத்தைக் கொண்டு அறியப்படும் விஷயம். அதாவது, என் சொத்து என் விருப்பம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. எவ்வளவு சுமை தகும் என்பதை ஊரறிவு முடிவு செய்யும்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிப்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அதில் இந்த விதிகள் சந்தையின் மண்ணும் வியர்வையுமாக இறங்கி வருகின்றன. விறகும் வைக்கோலும் சுமந்து வரும் விலங்குகளை விற்பனைக்காகத் திடலில் நிறுத்தினால், சுமையை இறக்கி வைத்துவிட்டே நிறுத்த வேண்டும். ஏனெனில் சுமையோடு நிற்பது அவற்றுக்கு வேதனை. கசாப்புக்காரர் ஆட்டைக் காலைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுக்கக்கூடாது, மழுங்கிய கத்தியால் அறுக்கக்கூடாது. நடக்கும்போது சுமப்பதைவிட, விலை பேசி முடியும் வரை வெயிலில் சுமையோடு நிற்பதே அதிக வேதனை என்பதை நூலறிவால் மட்டும் அறிய முடியாது. சந்தையில் நின்று பார்த்தவருக்கே தெரியும்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, இங்கிலாந்து நாடாளுமன்றம் 1822இல் இயற்றியதை நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டோம் என்று முடித்துக்கொள்ளும் கட்டுரைகள் நம்மிடையே ஏராளம். நானும் அத்தகைய உரைகளை நிகழ்த்தியிருக்கிறேன், மறுக்கவில்லை. இப்போது அவற்றில் எனக்குச் சுவை குறைந்துவிட்டது. ஒரு தடை நூலுக்கு நூல் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறதென்றால் அந்தக் குற்றமும் தெருவில் திரும்பத் திரும்ப நடந்தது என்றே பொருள். உமர் (ரலி) அவர்கள் கண்டித்த அதே காரியத்தை, ஐந்து நூற்றாண்டுகள் கழித்து ஷைஸரீயும் தடுக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் முஸ்லிம் கசாப்புக்காரர்கள் ஆட்டின் காலைப் பிடித்து இழுப்பதை நிறுத்தவில்லை. நம் வரலாற்றின் சிறப்பு, குற்றம் நிகழாதிருந்ததில் இல்லை. நிகழும்போது ஒருவர் அங்கே போய் நிற்க வேண்டும் என்று சமூகம் ஏற்பாடு செய்துவைத்திருந்ததில் இருக்கிறது.

ஃபிக்ஹ் அறிஞர்களும் இதே முடிச்சை அவிழ்க்க முயன்றுள்ளனர். தன் விலங்குக்குத் தீனி கொடுக்க மறுப்பவனைச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா? ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹப்கள் கட்டாயப்படுத்தலாம் என்கின்றன. ஹனஃபீ மத்ஹபின் முதன்மைக் கருத்து, அவன் அல்லாஹ்விடம் குற்றவாளி, ஆனால் காழி அவனை நிர்ப்பந்திக்க முடியாது என்பதாகும். வழக்காடும் உரிமையுள்ள ஒரு தரப்பு அங்கே இல்லை என்பதே அதன் காரணம். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும் தலைமைக் காழியுமான அபூ யூஸுஃப் (ரஹ்) இதில் மாறுபட்டு, நிர்ப்பந்திக்கலாம் என்றார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஹி. 861இல் (கி.பி. 1457) மறைந்த ஹனஃபீ மேதை இப்னுல் ஹுமாம் (ரஹ்), பெரும்பான்மையோரின் கருத்தே சரி என்று தீர்த்தார். அவர் காட்டிய வழி என்ன தெரியுமா? இதை ஹிஸ்பா வழக்காகக் கருதலாம் என்பதே. பொதுநலனுக்காக எந்த முஸ்லிமும் முன்வந்து வாதியாகலாம். ஆக, வாயில்லா உயிருக்கு வாதி கிடைத்துவிட்டார், அது நீங்களும் நானும். தமிழகத்தின் உள்மாவட்டங்களில் பெரும்பாலோர் ஹனஃபீ மத்ஹபினர் என்பதால் இந்த விவரத்தை அழுத்திச் சொல்கிறேன்.

இவருக்குச் சுமார் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ், மறைவு ஹி. 660, கி.பி. 1262) மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை ஒரு பட்டியலாகவே எழுதிவைத்தார். முதுமையாலும் நோயாலும் பயனற்றுப்போன விலங்குக்கும் உணவளிப்பது அவற்றுள் ஒன்று. குட்டியின் கண்ணெதிரே தாயையோ தாயின் கண்ணெதிரே குட்டியையோ அறுக்காதிருப்பது மற்றொன்று. முதிர்ந்த குதிரைகள் மேய்வதற்கென்று டமாஸ்கஸில் பசும்புல் வெளியொன்று வக்ஃபாக இருந்ததை முஸ்தஃபா அஸ்ஸிபாஈ (மறைவு 1964) எழுதியுள்ளார். வக்ஃப் என்றால் வாடகைக் கடை என்று மட்டுமே அறிந்த நமக்கு அது வியப்பாக இருக்கும்.

இவையெல்லாம் அரபு நாட்டுச் செய்திகள் என்று தோன்றினால், நம் பக்கத்துக்கு வருவோம். மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ‘ஃபத்ஹுல் முஈன்’, கேரளத்திலும் நம் கடற்கரையூர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களிலும் இன்றும் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபு. போர்த்துகீசியர் மலபார் மக்கள்மீது இழைத்த கொடுமைகளை ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்ற நூலில் எழுதிவைத்தவரும் இவரே. கப்பல்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் அவருடைய ஃபிக்ஹ் நூல், பால் கறப்பவர் மடியில் சிறிதளவு மிச்சம் வைப்பதும், கறக்கும் முன் தம் கைநகங்களை வெட்டிக்கொள்வதும் நல்லது என்று சொல்கிறது. கன்றுக்குத் தீங்கு தருமளவு கறப்பதைத் தடுக்கிறது. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டிவிடுவது ஹராம் என்கிறது. நம் ஊர்களில் சேவற்கட்டுக்கும் கிடா முட்டுக்கும் பந்தயம் கட்டுவோர் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும். தீனி கொடுக்க மறுப்பவன் அவ்விலங்கை விற்றோ வேறு வகையிலோ தன் உடைமையிலிருந்து நீக்க வேண்டும், அல்லது உண்ணத்தக்கதாயின் அறுக்க வேண்டும். அவன் இணங்காவிட்டால் நலமானதை ஆட்சியாளரே செய்வார் என்றும் விதிக்கிறது. கொடுமைக்கு ஆளான ஒரு சமூகம், தன் தொழுவத்தில் நின்ற பசுவின் மடியில் நகக்கீறல் விழுவதைப் பற்றிக் கவலைப்பட்டது. நாங்களே துன்பத்தில் இருக்கிறோம், மாட்டைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று மக்தூம் அவர்கள் எழுதவில்லை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. விலங்குவதை என்ற பேச்சு எழுந்தாலே நம் சமூகம் உள்ளுக்குள் இறுகிவிடுகிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. பசுப் பாதுகாப்பின் பெயரால் நம் நாட்டில் மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆட்டுக்காகக் கண்ணீர் வடிப்போர் சிலர் மனிதனுக்காக வடிப்பதில்லை. இதனால் எவர் எதைச் சொன்னாலும் நம் முதல் மறுமொழி தற்காப்பாகிவிட்டது. அறுப்பது எங்கள் மார்க்க உரிமை என்கிறோம். உண்மைதான். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே தன் 28ஆம் பிரிவில், மார்க்கம் வேண்டும் முறையில் அறுப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆனால் அந்த விலக்கு அறுப்பதற்கு மட்டுமே உரியது. மூச்சுவிட இடமின்றி லாரியில் அடைப்பதற்கோ, காலைப் பிடித்துத் தூக்கியெறிவதற்கோ, தண்ணீரின்றி ஓரிரவு கட்டிப்போடுவதற்கோ அச்சட்டத்திலும் விலக்கு இல்லை, ஷரீஅத்திலும் இல்லை. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய். அதைக் கண்டு அஞ்சித் திருந்துபவர் எவரும் இருக்க முடியாது. நம்மைத் திருத்த வேண்டியது வேறொன்று.

சில ஆண்டுகளுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், கூட்டுக் குர்பானிக்கான ஆடுகள் லாரியில் வந்து இறங்கின. லாரியின் பின்பலகை ஆள் மார்பளவு உயரம். மேலே நின்றவர் ஒவ்வோர் ஆட்டையும் முன்னங்காலும் பின்னங்காலுமாகப் பிடித்துக் கீழே போட்டார். கீழே நின்றவர்கள் சிலவற்றைப் பிடித்தனர், சிலவற்றை விட்டனர். ஓர் ஆட்டின் முன்னங்கால் முறிந்தது. உடனே அங்கே பெரும் வருத்தம் எழுந்தது. வெளிப்படையாக நொண்டும் பிராணி குர்பானிக்குச் செல்லாது, இனி மாற்று ஆடு வாங்க வேண்டும் என்ற வருத்தம். அந்த ஆடு கத்திக்கொண்டிருந்ததைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஏற்பாட்டாளர் மத்ரஸாவுக்கு உதவி செய்பவர், கூடியிருந்தோர் களைத்திருந்தார்கள், பெருநாள் நேரத்தில் மனத்தாங்கல் எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

என்னோடு நின்ற மாணவன் அந்த வாரம்தான் ஃபத்ஹுல் முஈனில் அந்தப் பகுதியை என்னிடம் ஓதியிருந்தான். உஸ்தாத், இங்கே ஹாகிம் யார் என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை. கிதாபில் ஹாகிம் செய்வார் என்று இருக்கிறது, இங்கே அவரைக் காணவில்லை, அவ்வளவுதான். நான் விளக்கமாக ஏதோ சொன்னேன். இஸ்லாமிய ஆட்சி இல்லாத இடத்தில் ஜமாஅத் அந்த இடத்தில் நிற்கும் என்ற பொருளில். சொல்லி முடித்ததும் எங்கள் இருவருக்கும் தெரிந்தது, ஜமாஅத்தார் அத்தனை பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது.

பெருநாள் கழிந்து, ஜமாஅத் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். இப்னு உமர் (ரலி) அவர்களின் ஹதீஸிலிருந்து தொடங்கினேன், ஆனால் நீட்டவில்லை. எதிர்ப்பு வந்தது. இதைப் பேசினால் வெளியார் கையில் ஆயுதம் கொடுத்தது போலாகும் என்றார் ஒருவர். அவர் அச்சத்தை நான் எள்ளவில்லை. கால் முறிந்த ஆட்டை யாரேனும் கைபேசியில் படமெடுத்திருந்தால் ஆயுதம் கொடுத்தது யாராக இருந்திருக்கும் என்று மட்டும் கேட்டேன். மற்றொருவர், அறுக்கப்போகும் ஆட்டுக்கு இவ்வளவு உபசாரமா என்றார். அறுக்கும் விஷயத்திலேயே அழகிய முறையைக் கடைப்பிடிக்கவும், கத்தியைத் தீட்டிக்கொள்ளவும், பிராணிக்கு ஆறுதல் அளிக்கவும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அறுக்கப்போகும் ஆட்டைப் பற்றியதுதானே என்று கூட்டத்திலிருந்த வேறொருவரே மறுமொழி சொல்லிவிட்டார். நெடுநேரம் பேசியபின் தீர்மானங்கள் மிகச் சிறியவையாகவே அமைந்தன. லாரியிலிருந்து ஆடுகள் நடந்து இறங்கச் சாய்வுப் பலகை ஒன்று. கட்டுமிடத்தில் நிழலும் தண்ணீர்த் தொட்டியும். ஓர் ஆட்டை அறுப்பதை மற்ற ஆடுகள் காணாதபடி இடையில் ஒரு திரை. லாரி வரும் நேரத்தில் அங்கே நின்று, தவறு நடந்தால் நிறுத்தச் சொல்ல அதிகாரம் பெற்ற ஒருவர்.

கடைசித் தீர்மானத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஆலிம்கள் எவரும் முன்வரவில்லை, நானும் தயங்கினேன். இறுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இறைச்சிக்கடை நடத்தி ஓய்ந்த ஒரு பெரியவர், நான் நிற்கிறேன் என்றார். சந்தையை அறிந்தவர், ஆட்டின் கண்ணைப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லக்கூடியவர். மாவர்தீ குறிப்பிட்ட ஊரறிவு அவரிடம் இருந்தது. அடுத்த பெருநாளுக்கு லாரி வந்தபோது பலகையின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்தார். பலகை சரிவு அதிகமாக இருக்கிறது, ஆடு வழுக்கும் என்று முதல் ஆட்டிலேயே நிறுத்தி, அதன்மேல் சாக்கு விரிக்கச் செய்தார். ஓட்டுநர் நேரமாகிறது என்று சத்தமிட்டார். பெரியவர் அவருக்கு ஒரு தேநீர் வாங்கி வரச் சொல்லிவிட்டு, சாக்கை இன்னும் சற்று மேலே இழுத்து விடுமாறு என் மாணவனிடம் கூறினார்.